தரையிலிருந்து ஏற்றும் உயரம்

பள்ளத்தூர் பேரூராட்சிக்கு
ஒரு குப்பை வண்டி வாங்க வேண்டும்.
பேட்டரியில் ஓடுவது, மூன்று சக்கரம்.
"போன வருசத்து ஃபைல எடுத்து
தேதிய மட்டும் மாத்துங்க" என்றார்
செயல் அலுவலர் மெகர் நிஷா.
அப்படித்தான் எல்லா ஊரிலும் நடக்கிறது.
பக்கம் பதினேழில்
வேறேதோ பேரூராட்சியின் பெயர்
அழிக்க மறந்து கிடந்தது.

மாற்றினேன்.
தேதி, ஊர், முன்வைப்புத் தொகை.
ஒரு கட்டம் மட்டும் காலி:
தரையிலிருந்து ஏற்றும் உயரம், மி.மீ.

ஜன்னலுக்கு வெளியே ராக்கு
கூடையைத் தலைக்குமேல் தூக்கி
டிராக்டர் பெட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
பாதி உள்ளே, பாதி அவள்மேல்.
டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
"நேரா நில்லுக்கா."
"சட்டை தைக்கவா?"
"வண்டி தைக்க."
தோள்வரை ஆயிரத்து இருநூற்று நாற்பது.
எழுதிவிட்டேன்.

பென் டிரைவ் மாதிரி ஒரு குச்சி,
அதற்குள் மேடத்தின் கையெழுத்து.
மதியம் முழுக்கச் சர்வர் படுத்துக்கொண்டது.
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஏறியது.

இந்த ஊரில் ஒரு கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி.
புள்ளிக்கு இவ்வளவென்று கோயிலுக்கு வரி.
மலேசியாவில் இருப்பவரையும் விடாது அந்தக் கணக்கு.
எங்கள் ஒப்பந்தப்புள்ளிக்கு
முதல் சுற்றில் வந்த புள்ளி ஒன்று.
ஒற்றைப் புள்ளி ஆகாதென்று மறுபடி அறிவித்தோம்.
இந்தமுறை கேள்விதான் வந்தது,
கோயம்புத்தூர்க் கம்பெனியிடமிருந்து:
"1240 என்பது எந்தத் தரநிர்ணயத்தின்படி?
குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்குச் சாதகமாக
வரையப்பட்டதாகத் தெரிகிறது."

"எங்கேருந்து பிடிச்சீங்க இந்த நம்பர?"
சொன்னேன்.
மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ஆடிட்டுக்கு இத எப்படிங்க எழுதுறது?"

எழுத முடியாதுதான்.
சாதகமாகத்தான் வரைந்தேன்.
நிறுவனத்தின் பெயர் ராக்கு.
ஜி.எஸ்.டி. எண் இல்லை.
மூன்றாண்டு விற்றுமுதல் இல்லை.
முன் அனுபவம் பத்தொன்பது வருடம்,
சான்று இணைக்கப்படவில்லை.

திருத்த அறிவிப்பு எண் இரண்டு:
1240 என்றிருப்பதை
1500க்கு மிகாமல் எனத் திருத்திப் படிக்கவும்.
படித்தேன்.
அதன் கீழே
எவரும் கேட்காத ஒரு வரியைச் சேர்த்தேன்:
இருபுறமும் மடக்குப் படி, சொரசொரப்புத் தகடு,
நூற்றைம்பது கிலோ தாங்குவது.
மேடம் இரண்டு தடவை படித்தார்.
என்னைப் பார்க்காமல் குச்சியைச் செருகினார்.

நாலு பேர் வந்தார்கள்.
ஒருவர் பான் கார்டு கேட்ட இடத்தில்
ரேஷன் கார்டை ஏற்றி வெளியே போனார்.
விலைப்புள்ளி திறந்தபோது
முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும்
நூற்றுப் பதினொரு ரூபாய் வித்தியாசம்.
தோற்றவர் போனில் பிடித்துக்கொண்டார்:
"ஏலம்னா எதிராளி மூஞ்சியப் பாத்துட்டுத் தோக்கலாம்.
இது என்ன சார், நடுராத்திரி
மெசேஜ் வந்து தோக்குறது?"
அதை நிரப்ப ஒரு கட்டமும் இல்லை.

ஆவணியில் வந்து இறங்கியது. பச்சை வண்டி.
டிரைவர் செபமாலை சிலுவை போட்டுவிட்டு
எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றினார்.
நான் குனிந்து
படியை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தேன்.
பதினோரு வருடமாகத் தட்டச்சுகிறேன்,
இரும்பாகித் திரும்பி வந்த வரி
இது ஒன்றுதான்.

ராக்கு ஏறவில்லை.
"ஏறி எறங்க நேரமேதுப்பா?
நானூறு வீடு. பாதி பூட்டிக் கெடக்கு,
சூட்டிங்காரன் வந்தா அந்தப் பாதியிலதான்
ஆயிரம் பேப்பர் தட்டு."
தரையில் நின்றபடியே
எக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டினாள்.
இந்தமுறை கொஞ்சம்தான் மேலே விழுந்தது.

இப்போதெல்லாம் அந்தப் படியில்
அவளுடைய தூக்குவாளி தொங்குகிறது.
நூற்றைம்பது கிலோ தாங்கும் தகடு,
வண்டி குலுங்கும்போதெல்லாம்
கொஞ்சம் பழைய சோற்றையும்
ஒரு மோர்மிளகாயையும்
சிந்தாமல் பிடித்துக்கொள்கிறது.